ஒரு வீடும் ஐந்து பரப்பளவுகளும்: ஆய்வேட்டுச் சுருக்கம்

இயல் 1: ஆய்வுச் சிக்கல்

எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் குறித்து நேபாளத்துக்கும் சீனாவுக்கும் நெடுநாள் கருத்து வேறுபாடு இருந்தது. 2020 டிசம்பரில் இரு நாடுகளும் கூடிப் பேசி, 8,848.86 மீட்டர் என்று அறிவித்து விவகாரத்தை முடித்துக்கொண்டன. இமயமலையில் எட்டிய இந்த உடன்பாடு, சென்னை வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் இருக்கக்கூடிய ஓர் இரண்டு படுக்கையறை வீட்டின் விஷயத்தில் இன்னும் எட்டப்படவில்லை. அந்த வீடு எத்தனை சதுர அடி என்று கேட்டால், விளம்பரப் பலகை ஒரு விடை சொல்கிறது. ஒப்பந்தப் பத்திரம் வேறொன்று சொல்கிறது. சொத்து வரி ரசீது மூன்றாவதாக ஒன்றை முணுமுணுக்கிறது. டைல்ஸ் ஒட்ட வந்தவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொல்லும் விடையை வீட்டுக்காரர் யாரிடமும் திருப்பிச் சொல்வதில்லை.

‘கம்ப்யூட்டரில் அளந்தால் தெரிந்துவிடாதா?’ என்று அறிவுலகில் சிலர் வினவுகின்றனர். அவ்வினாவின் வெகுளித்தனமே இவ்வாய்வின் தோற்றுவாய். கட்டட வரைபட மென்பொருள் பரப்பளவைத் தப்பாகச் சொல்வதில்லை. எட்டுத் தசம இலக்கம் வரை சரியாகவே சொல்கிறது. எதனுடைய பரப்பளவு என்பதை மட்டும் அது சொல்வதில்லை; அதைக் கிளிக் செய்தவர்தான் சொல்ல வேண்டும். ஆகவே இவ்வாய்வின் கருதுகோள் வருமாறு: பரப்பளவு என்பது அறைக்குள் கிடக்கும் பொருள் அன்று, மவுஸைப் பிடித்திருக்கும் கை எந்த மூலையில் அழுத்துகிறதோ அந்த மூலையில் பிறப்பது. அந்தக் கைக்குச் சம்பளம் தருபவர் யார் என்பது துணைக் கருதுகோள்.

வாடகை வீடுகள் ஆய்வு எல்லைக்குள் கொள்ளப்படவில்லை. அங்கே பரப்பளவைக் கேட்கும் துணிவு குடியிருப்போருக்கு இருப்பதாகச் சான்றுகள் இல்லை.

இயல் 2: முன்னாய்வுகள்

இத்துறையின் மூத்த அறிஞர் முதலாம் இராசராசன். கி.பி. 1001 வாக்கில் அவன் சோழ நாட்டு நிலங்களை அளப்பித்தான். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் கோல் மாறியது. பன்னிரு சாண் கோலும் பதினாறு சாண் கோலும் வெவ்வேறு குழிகளைப் பெற்றெடுத்தன. ‘எந்தக் கோலால் அளந்த குழி?’ என்று அன்றைய உழவர் கேட்டதும், ‘கார்ப்பெட் ஏரியாவா, பில்ட்-அப் ஏரியாவா?’ என்று இன்றைய மாமனார் கேட்பதும் ஒரே மரபின் இரு கிளைகள் என்பது ஆய்வாளரின் துணிபு.

ஆனால் சோழர் கணக்கின் நுட்பம் வேறு எவருக்கும் வாய்க்கவில்லை. முந்திரி என்பது ஒன்றில் 320-இல் ஒரு பங்கு. அந்த முந்திரியை மறுபடி 320-ஆல் வகுத்தால் கீழ்முந்திரி. இப்படியே வகுத்துக்கொண்டு இறங்கி, தஞ்சைக் கல்வெட்டுகளில் ஒரு வேலியின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை நிலத்தைக் கணக்கிட்டிருக்கிறார்கள். வேலியை இன்றைய வழக்கப்படி 6.6 ஏக்கர் என்று கொண்டால் அந்தப் பங்கு ஏறக்குறைய அரைச் சதுர மில்லிமீட்டர். அதில் நெல் விதைக்க இயலாது. நெல்லின் நுனியை வேண்டுமானால் ஊன்றி நிறுத்தலாம். வரி விதிக்கலாம் என்பதில் அரசுக்கு ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆட்டோகேட் மென்பொருள் தசமப் புள்ளிக்குப் பின் எட்டு இலக்கம் வரைதான் காட்டும். சோழர் பின்னத்தைத் தசமத்தில் எழுதினால் பத்துச் சுழியங்களைக் கடந்த பிறகே முதல் எண் தலைகாட்டும். ஆகவே ஆட்டோகேட்டில் இந்நிலத்தைக் காட்டச் சொன்னால், ‘0.00000000 வேலி’ என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். ஆயிரம் ஆண்டு வளர்ச்சியில் மூன்று இலக்கம் நட்டம்.

இராசராசனுக்கு அடுத்து ஆங்கிலேயர் எட்மண்ட் கன்ட்டர். 1620-இல் இவர் 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்ட சங்கிலியை உருவாக்கினார். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அதில் நூறில் ஒன்று சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்ற, யாருடைய மனத்திலும் தங்காத எண்ணுக்கு அந்தச் சங்கிலியே பொறுப்பு. சென்னைக்காரர்கள் ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி என்றும், அதையே ‘அஞ்சரை சென்ட்’ என்றும் சொல்வது வழக்கம். பெருக்கிப் பார்த்தால் அஞ்சரை சென்ட் 2,395.8 சதுர அடிதான் வருகிறது. மீதம் 4.2 சதுர அடி. இந்நகரின் ஒவ்வொரு கிரவுண்டிலும் ஒரு துளசி மாடம் வைக்கும் அளவு நிலம் பேச்சுவழக்கில் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. இது தனி ஆய்வுக்குரியது.

1769-இல் ஜெர்மானியர் மைஸ்டர் ஒரு சூத்திரத்தை விளக்கினார். பலகோணத்தின் மூலைகளுக்குரிய ஆயத்தொலைகளை வரிசையாக எழுதி, குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கி, கழித்து, கூட்டி, பாதியாக்கினால் பரப்பளவு வந்துவிடும். பெருக்கும் கோடுகள் காலணி நாடாவைப் போல் குறுக்கே ஓடுவதால் இதற்கு ஷூ லேஸ் சூத்திரம் என்று பெயர். மென்பொருள் தன் வயிற்றுக்குள் செய்வதும் அடிப்படையில் இதையேதான். இச்சூத்திரத்தில் தமிழ் வாசகர் அறிய வேண்டிய ஓர் அதிர்ச்சித் தகவல் உண்டு. மூலைகளை இடஞ்சுழியாக எண்ணிக்கொண்டு போனால் பரப்பளவு நேர்மறை எண்ணாக வருகிறது. வலமாகச் சுற்றினால் எதிர்மறை. அதாவது புதுமனை புகுவிழாவில் வீட்டை முறைப்படி வலம் வருகிற குடும்பம் ஒவ்வொரு சுற்றுக்கும் வீட்டின் முழுப் பரப்பளவை இழந்துகொண்டிருக்கிறது. மென்பொருள் நிறுவனங்கள் இந்தக் கழித்தல் குறியை நாகரிகமாக மறைத்துவிடுகின்றன. இல்லாவிட்டால் இந்திய விற்பனை என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது. அறையின் எல்லைக்கோடு தன்னையே வெட்டிக்கொண்டு எட்டு வடிவில் போனாலோ, சூத்திரம் ஒரு வளையத்தை மற்றொன்றிலிருந்து கழித்துவிடுகிறது. இரண்டும் சமமாக இருந்தால் விடை சுழியம். வெளியிலிருந்து பார்க்க இரண்டு அறை, கணக்கில் ஒன்றுமில்லை.

1854-இல் சுவிஸ் நாட்டு யாக்கோப் ஆம்ஸ்லர் போலார் பிளானிமீட்டரைக் கண்டுபிடித்தார். வரைபடத்தின் ஓரத்தைச் சுற்றி ஊசியை ஒருமுறை நடத்தினால், கருவியிலுள்ள சிறு சக்கரம் உருண்டு உள்ளே இருக்கும் பரப்பைச் சொல்லிவிடும். காம்பவுண்டுச் சுவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தே வீட்டுக்குள் நடப்பதையெல்லாம் சொல்லிவிடுகிற தெருக்கோடி அத்தைகளின் ஆற்றலை இது உலோகத்தில் வார்த்தெடுத்தது. பொதுப்பணித் துறை அலுவலகங்களின் மர அலமாரிகளில் வெல்வெட் பெட்டிக்குள் உறங்கும் பிளானிமீட்டர்கள் இன்னும் இருக்கக்கூடும். எழுப்பினால் அவை சரியாகவே சொல்லும்.

1982 டிசம்பரில் ஆட்டோகேட் வந்தது. முன்னாய்வுகள் முற்றின.

இயல் 3: ஆய்வுப் பொருள்

இவ்வாய்வுக்கென்றே ஒரு வீடு வரையப்பட்டது. இதில் யாரும் குடியில்லை. ஆகவே யாரும் வழக்குத் தொடுக்க இயலாது. வெளிச்சுவருக்கு வெளிச்சுவர் 30 அடிக்கு 32 அடி. வெளிச்சுவர் 9 அங்குலம். உள்ளே அறைகளைப் பிரிக்கும் நாலரை அங்குலச் சுவர்கள் மொத்தம் 80 அடி நீளம். பால்கனி 4 அடிக்கு 10 அடி, சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கட்டடத்தில் இதே போல் பத்து வீடுகள். மனை 6,400 சதுர அடி.

இனி அளவை. கால் படும் தரையை மட்டும் அறை அறையாகக் கூட்டினால் 839.25 சதுர அடி. இது துடைப்பத்துக்குத் தெரிந்த பரப்பளவு. வேறு எந்த ஆவணத்திலும் இது பதிவாவதில்லை. 2016-ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் கார்ப்பெட் ஏரியாவை வரையறுக்கிறது. வெளிச்சுவர், சர்வீஸ் ஷாஃப்ட், பால்கனி, திறந்த மாடி ஆகியவை அதில் சேரா. வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர்கள் சேரும். அவ்வாறு அளந்தால் 869.25. அதாவது தடுப்புச் சுவர்களின் அடியில் கிடக்கும் 30 சதுர அடி, சட்டத்தின் பார்வையில், நீங்கள் விரிப்பு விரிக்கத்தக்க இடம். விரித்துப் பார்க்க வேண்டுமானால் சுவரை இடிக்க வேண்டும். இடித்தால் ஹாலும் படுக்கையறையும் ஒன்றாகிவிடும். ஆனாலும் கார்ப்பெட் ஏரியா அணுவளவும் கூடாது. இந்த வரையறையில் ஒரு துறவியின் சமநோக்கு இருக்கிறது.

வெளிச்சுவரையும் சேர்த்தால் 960. பால்கனியையும் சேர்த்தால் 1,000. அப்புறம் படிக்கட்டு, லிஃப்ட், நடைவழி, செக்யூரிட்டி உட்காரும் நாற்காலியின் கீழுள்ள தரை எல்லாவற்றிலும் ஆளுக்கொரு பங்கு என்று 28 சதவீதம் ஏற்றினால் 1,280. இது சூப்பர் பில்ட்-அப் ஏரியா. துடைப்பத்தின் பரப்பளவுக்கும் இதற்கும் உள்ள இடைவெளி 440.75 சதுர அடி. முழுதாக ஒரு சென்ட்டுக்கும் சற்று அதிகம். மூன்றாவது மாடியில், தரையைத் தொடாமல், ஒரு சென்ட் நிலம் மிதக்கிறது. கன்ட்டரின் சங்கிலி அங்கே எட்டாது.

இவற்றுள் ஒன்றுகூடப் பொய்யன்று என்பதை ஆய்வாளர் மீண்டும் மீண்டும் வலியுறுத்த விரும்புகிறார். ஐந்துக்கும் ஐந்து மூடிய கோடுகள் வரையலாம். ஐந்தையும் மென்பொருள் எட்டுத் தசமத்தில் ஆமோதிக்கும். ஆறாவதாக யூ.டி.எஸ். எனப்படும் பிரிக்கப்படாத மனைப் பங்கு, நம் வீட்டுக்கு 640 சதுர அடி, உண்டு. அதற்கு மட்டும் கோடு வரைய இயலாது. 6,400 சதுர அடியில் உங்கள் 640 எங்கே இருக்கிறது என்று கேட்டால், எங்கும் இருக்கிறது. எங்கே கிளிக் செய்வது என்று தெரியாத ஒரே பரப்பளவு அதுதான். பத்திரப் பதிவில் மட்டும் அதற்குத் தனி மரியாதை.

இயல் 4: கருவியும் கருணையும்

ஆட்டோகேட்டில் பரப்பளவு அறிய ஏ என்ற எழுத்தை இரண்டு முறை தட்டி என்டர் அடிக்க வேண்டும். ‘ஏ, ஏ’ என்று மரியாதைக் குறைவாக அழைத்தாலும் அது கோபித்துக்கொள்வதில்லை. மூலைகளைக் காட்டு என்கிறது, காட்டுகிறோம், சொல்லிவிடுகிறது. ஓரிடத்தைக் கூட்டவும் இன்னோர் இடத்தைக் கழிக்கவும் தனித்தனி வழிகள் உள்ளன. கூட்டும் நிலையில் இருந்துகொண்டே, கழிக்க வேண்டிய லிஃப்ட் குழியைக் கிளிக் செய்தால் அதுவும் கூடிவிடும். ஏன் கூட்டினாய் என்று மென்பொருளைக் கேட்க இயலாது. ஏன் கூட்டினாய் என்று டிராஃப்ட்ஸ்மேனைக் கேட்கலாம். அவர் மென்பொருளைக் காட்டுவார்.

ஆனால் அதன் குணத்தை முழுமையாக அறிய வேண்டுமானால், மூடப்படாத ஒரு பாலிலைனை அதனிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். மூன்று பக்கம் சுவர் இருக்கிறது, நான்காவது பக்கம் திறந்து கிடக்கிறது என்று கொள்வோம். ஆட்டோகேட் கடைசிப் புள்ளியையும் முதல் புள்ளியையும் மனத்துக்குள் ஒரு கோட்டால் இணைத்துக்கொண்டு பரப்பளவைச் சொல்லிவிடும். நீளத்தைச் சொல்லும்போது மட்டும் அந்த மனக்கோட்டைச் சேர்க்காது. இது குறையன்று, கையேட்டிலேயே எழுதப்பட்ட விதி. இல்லாத சுவருக்குப் பரப்பளவு உண்டு, நீளம் கிடையாது. இதை ஆய்வாளர் கருணை என்று வகைப்படுத்துகிறார். சிமென்ட் கணக்கு வரும்போது அந்தச் சுவர் எட்டிப் பார்க்காது. விற்பனைக் கணக்கு வரும்போது முன்வரிசையில் நிற்கும். இவ்விதியை எழுதியவர் கட்டடத் தொழிலை உள்ளும் புறமும் அறிந்தவராக இருத்தல் வேண்டும்.

கருணைக்கும் எல்லை உண்டு. வெறும் கோடுகளாக வரைந்த அறைக்குள் ஹேட்ச் போட முயல்பவர் அதைக் காண்பார். மூலையில் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று தொடாமல் ஒரு மில்லிமீட்டர் விட்டு நின்றால் போதும், நூறு சதுர அடிப் படுக்கையறை இல்லையென்று ஆகிவிடும். எல்லை மூடவில்லை என்று செய்தி வரும். தொடாத முனைகளைச் சுற்றிச் சிவப்பு வட்டங்கள் தோன்றும். அந்த வட்டங்களைத் தேடித் திரையைப் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி, சுவர்கள் சாலைகளாகவும் சாலைகள் சமவெளிகளாகவும் ஆகும்வரை உள்ளே போய், அங்கே இரண்டு கோடுகள் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளைப் போல் ஆளுக்கொரு பக்கம் முகம் திருப்பி நிற்பதைக் கண்டுபிடிப்பதே இளநிலை டிராஃப்ட்ஸ்மேன்களின் முதன்மைப் பணி. அதைச் சேர்த்துவைக்கும் கட்டளைக்குப் பெயர் ஃபில்லெட், ஆரம் சுழியம். ரத்த உறவுகளுக்கும் இப்படியொரு கட்டளை இருந்தால் சிவில் நீதிமன்றங்களில் பாதி காலியாகும் என்பது ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது.

அலகுச் சிக்கலும் இங்கே சுட்டத்தக்கது. படத்தை மில்லிமீட்டரில் வரைந்தவருக்கு மென்பொருள் சதுர மில்லிமீட்டரில் விடை தருகிறது. நம் ஆயிரம் சதுர அடி வீடு அப்போது 9,29,03,040 என்று திரையில் நிற்கும். ஒன்பது கோடியே இருபத்தொன்பது லட்சத்து மூவாயிரத்து நாற்பது. முதன்முறை பார்ப்பவர் இதை விலை என்று எண்ணிக்கொள்வதும் உண்டு. வேளச்சேரியில் அது நெடுங்காலம் நகைச்சுவையாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இயல் 5: அறை தன்னைத் தானே அறிதல்

2000-இல் வெளிவந்த ரெவிட் மென்பொருளில் அறை என்பது கோடுகளின் நடுவே உள்ள வெற்றிடம் அன்று. அது தனியே ஒரு பொருள். அறையை எடுத்து உள்ளே வைத்தால், சுவர்கள் எங்கே இருக்கின்றன என்று தானே தடவிப் பார்த்துத் தன் பரப்பளவைத் தெரிந்துகொள்ளும். சுவரை நகர்த்தினால் எண் மாறும். சுவரின் பண்புகளில் ‘அறைக்கு எல்லையாக இரு’ என்ற டிக்கை எடுத்துவிட்டால், சுவர் கண்முன் நின்றுகொண்டிருக்கும்போதே அறை அதை ஊடுருவி அடுத்த அறைக்குள் பரவும். ஏற்கெனவே அங்கே வேறொரு அறை வைக்கப்பட்டிருந்தால், ஒரே எல்லைக்குள் இரண்டு அறைகள் இருக்கின்றன, ஒன்று உபரி என்று எச்சரிக்கை வரும். தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த எச்சரிக்கை புதிதன்று.

அதைவிட நுட்பமானது, எங்கிருந்து அளப்பது என்று ரெவிட் கேட்பது. சுவரின் பூச்சு முகத்திலிருந்தா, சுவரின் நடுவிலிருந்தா, உட்கருவின் முகத்திலிருந்தா, உட்கருவின் நடுவிலிருந்தா? நான்கு வழிகள். நம் வீட்டின் வெளிச்சுவர்களை நடுவோடு நடு அளந்தால் 914.0625 சதுர அடி வருகிறது. தலைப்பில் சொன்ன ஐந்தில் இது இல்லை. தலைப்பை மாற்ற நெறியாளர் ஒப்பவில்லை, பதிவு முடிந்துவிட்டதாம். சுவர் சாய்ந்திருந்தால் எந்த உயரத்தில் வெட்டி அளப்பது என்றும் ரெவிட் கேட்கும். தரையில் ஒரு பரப்பளவு, இடுப்பளவில் இன்னொன்று. ஏணி போட்டு ஏறினால் வீடு சிறுத்துக்கொண்டே போகும்.

இந்த நான்கு வழிகளையும் கலிபோர்னியாவிலோ மாசசூசெட்ஸிலோ யாரோ சிந்தித்துக் கண்டுபிடித்ததாக மென்பொருள் உலகம் கருதுகிறது. உண்மையில் முதல் வழி நம் கொத்தனார்களின் அன்றாட வினா.

“சார், பூச்சு போக பத்தா, பூச்சோட பத்தா?”

மனையடி சாஸ்திரப்படி அறையின் உள்ளளவு பத்தடி நல்லது, பதினொன்று நல்லது, ஒன்பது ஆகாது. பத்துக்குப் பதினொன்று என்று செங்கல் முகத்திலிருந்து கட்டிவிட்டால், இருபுறமும் 12 மில்லிமீட்டர் பூசிய பின் பத்தடி ஒன்பதடி பதினோரு அங்குலமாகிவிடுகிறது. 110 சதுர அடி 108.35 ஆகிறது. போனது 1.65 சதுர அடிதான். ஆனால் போனவற்றில் இலட்சுமியும் இருக்கலாம் என்று வீட்டுக்காரரின் அம்மா கருதுகிறார். ‘கட்டுவேலை அளவு வேற, குடியிருக்கிற அளவு வேற தம்பி’ என்று மேஸ்திரி சொன்ன வாசகத்தில் ரெவிட்டின் அமைப்புப் பெட்டி முழுவதும் அடங்கியிருக்கிறது.

மென்பொருள் யுகத்தில் இச்சிக்கலுக்கு ஒரு புதுத் தோற்றம் வந்துள்ளது. அடி-அங்குல முறையில் நுட்பத்தை 1/64 அங்குலம் என்று வைத்திருந்தால், எங்கோ ஒரு சிறு நழுவலால் படத்தில் 9 அடி 11 63/64 அங்குலம் என்று அச்சாகிவிடும். கட்டுமானத்தில் இதற்குப் பொருளே இல்லை. கொத்தனாரின் நூல்குண்டு அதைவிட அதிகமாக ஆடும். ஆனால் ‘ஒன்பது’ என்று தொடங்கும் எண்ணைக் கண்ட குடும்பம் அன்றிரவு தூங்குவதில்லை. அனுபவமுள்ள டிராஃப்ட்ஸ்மேன் சுவரைத் தொடமாட்டார். அமைப்புக்குள் போய் நுட்பத்தை முழு அங்குலம் என்று குறைப்பார். உடனே பத்தடி. இதுவே இத்துறையில் அறியப்பட்ட மிகச் சிக்கனமான பரிகாரம், எலுமிச்சம்பழம்கூட வேண்டாம்.

வீட்டளவின் பலன் பார்க்கும் ஆயாதிக் கணக்கு இன்னொரு திசையில் போகிறது. பெருக்கி, எட்டால் வகுத்து, ஈவை எறிந்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்கிறார்கள். மிச்சம் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று வந்தால் கொடி, சிங்கம், எருது, யானை, நல்லவை. உலகமெல்லாம் பரப்பளவில் முழு எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னத்தைக் கைவிடும்போது, மிச்சத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று கண்ட மரபு இது. இரண்டு வீடுகள் இருநூறு சதுர அடி வேறுபட்டாலும் யானை ஒன்றே. விற்பனைப் பிரிவினர் இதை இன்னும் கவனிக்கவில்லை.

இயல் 6: பணத்திசை விதி

களப்பணியின் முடிவில் ஆய்வாளர் கண்டடைந்த விதி இது. பணம் தன்னை நோக்கி வரும்போது பரப்பளவு விரிகிறது. தன்னிடமிருந்து போகும்போது சுருங்குகிறது. வெப்பத்தில் உலோகம் விரிவதைப் போலன்றி இங்கே பொருளுக்கு எந்த மாற்றமும் நேர்வதில்லை என்பது வியப்புக்குரியது.

சான்றுகள் ஏராளம். நம் வீட்டுக்காரர் வீட்டை விற்கும்போது அது 1,280 சதுர அடி. அதே வாரம் சொத்து வரிப் படிவத்தின் முன் உட்கார்ந்தால் பால்கனியை ‘அது சும்மா சார், துணி காயப் போடுற இடம்’ என்று விளக்குவார். பெயின்ட் அடிப்பவரிடம் பேரம் பேசும்போது வீடு ‘சின்ன வீடுதாங்க’ என்று இரங்கத்தக்க நிலையை அடையும். லேபர் கான்ட்ராக்ட் எடுத்த மேஸ்திரிக்கோ எல்லாமே ‘அவுட் டு அவுட்’: வெளிச்சுவரின் வெளிப்பூச்சிலிருந்து வெளிப்பூச்சு வரை, பால்கனி முழுக் கணக்கு, மாடிப்படி ஹெட்ரூம் முழுக் கணக்கு, போர்டிகோ முழுக் கணக்கு. ‘போர்டிகோவுக்குப் பாதி ரேட்’ என்று வீட்டுக்காரர் தொடங்குவார். ‘தூணுக்குக் கீழ பாதி அஸ்திவாரமா சார் போட்டேன்?’ என்பார் மேஸ்திரி. இவ்வினாவுக்கு எந்த மென்பொருளின் புதிய பதிப்பிலும் விடை இல்லை. மேஸ்திரிகள் சதுர அடியில் பேசுவதுகூட இல்லை; நூறு சதுர அடி ஒரு சதுரம். ‘பத்துச் சதுரம்’ என்று சொல்லிவிட்டால் அதற்குள் ஐம்பது சதுர அடி வரை தாராளமாக நீட்டிப் படுத்துக்கொள்ளலாம். கேட்டால் ‘ரவுண்டாச் சொன்னேன்’ என்பார்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, பணத்திசை விதிக்கு அரசாங்கம் எழுதிய உரைநூலாகக் கொள்ளத்தக்கவை. எஃப்.எஸ்.ஐ. என்பது மொத்தத் தளப்பரப்பை மனையின் பரப்பால் வகுத்தால் வரும் எண். சாதாரணக் கட்டடத்துக்கு அது 2 வரை போகலாம். அந்த இரண்டைத் தாண்டாமலிருக்க, அப்ரூவல் படத்தில் எந்தெந்த இடங்கள் தளப்பரப்பே அல்ல என்று நிறுவுவதில் கட்டடக் கலைஞரின் இளமை கழிகிறது. ஸ்டில்ட் பார்க்கிங் தளமன்று. அது காற்றில் நின்ற தூண்கள். லிஃப்ட் மெஷின் அறை தளமன்று, அது கருவி. அதே கட்டடக் கலைஞர் மறுநாள் விற்பனைக்கான ஏரியா ஸ்டேட்மென்ட் தயாரிக்கும்போது அந்தத் தூண்களின் நிழலைக்கூட பத்து வீடுகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறார். ஒரே கோப்பு, ஒரே கட்டளை, ஒரே மனிதர். லேயர் மட்டும் வேறு. லேயரை அணைத்துவைக்கும் வசதியைக் கண்டுபிடித்தவருக்கு இத்துறை சிலை வைக்கக் கடமைப்பட்டிருக்கிறது. பீடத்தின் பரப்பளவு எஃப்.எஸ்.ஐ.யில் வராது.

இயல் 7: மேலாய்வுக்கான களங்கள்

லாஃப்ட். இதற்கு நீள அகலம் உண்டு, பழைய பாத்திரங்கள் உண்டு, ஆனால் பரப்பளவு உண்டா என்பது தீரவில்லை. மொட்டை மாடியில் ஒவ்வொருவர் கொடிக்கயிறும் எவ்வளவு இடத்தை ஆள்கிறது என்பது சங்கக் கூட்டங்களின் தீர்மானப் புத்தகங்களைக் கொண்டு ஆராயப்பட வேண்டும். கதவு திறக்கும்போது துடைத்துச் செல்லும் கால்வட்டம் கார்ப்பெட் ஏரியாவில் இருக்கிறது. அங்கே கார்ப்பெட் விரிக்க இயலாது என்பதைக் கதவின் அடிப்பாகம் சொல்லும். பீரோவின் அடியில் இருக்கும் தரைக்கும் விலை கொடுத்திருக்கிறோம். அதைப் பார்க்க வேண்டுமானால் வீடு மாற்ற வேண்டும்.

இவ்வாய்வேட்டின் பரப்பளவையும் நெறியாளர் கேட்டார். ஏ4 தாள் 210-க்கு 297 மில்லிமீட்டர். ஆக 62,370 சதுர மில்லிமீட்டர். பல்கலைக்கழக வழக்கப்படி இடப்பக்கம் ஒன்றரை அங்குலமும் மற்ற மூன்று பக்கங்களிலும் ஓர் அங்குலமும் விட்டால் எழுதக் கிடைப்பது ஏறத்தாழ 36,068. தாளின் 58 சதவீதம்தான் குடியிருக்கத் தக்கது. வேளச்சேரி வீட்டில் துடைப்பத்தின் கணக்கிலேயே இது 65 சதவீதத்துக்கு மேல் இருந்தது. ஆக ஆய்வு மாணவரைவிட அடுக்குமாடிவாசி பாக்கியவான். இதை எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்தபோது, இடப்பக்க ஓரம் பைண்டிங்குக்கு, மற்றவை தேர்வாளரின் சிவப்புப் பேனாவுக்கு, எல்லாம் பொதுப் பகுதி என்று விளக்கம் வந்தது. பராமரிப்புக் கட்டணம் தேர்வுக் கட்டணத்தோடு சேர்த்து முன்கூட்டியே வசூலிக்கப்பட்டுவிட்டது.